ஈரக் கையும் உப்புக்கண்ட ஜாடியும்

ராயப்பேட்டையில் குல்சும் என்றால் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் ஜாக்கெட் தைத்தால் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் யாராலும் மூட முடியாது. இரண்டாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் புகுந்த வீட்டில் அவள் வாய் திறக்கவே பல வருஷம் ஆனது. கணவனின் அண்ணன் மெஹபூப் அலி வைத்ததுதான் அங்கே சட்டம். அவர் உட்கார் என்றால் உட்கார வேண்டும். குல்சுமின் கணவன் உபைத் இன்றுவரை உட்கார்ந்துதான் இருக்கிறான்.

பக்ரீத் முடிந்ததும் குர்பானி கொடுத்த ஆட்டுக் கறியில் ஒரு பங்கை உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து, மொட்டைமாடி வெயிலில் கட்டி உப்புக்கண்டம் ஆக்குவது குல்சுமின் வேலை. காக்காய் விரட்டுவதும் அவள்தான். படக்கென்று ஒடிகிற பதம் வராமல் கீழே இறக்க மாட்டாள். பீங்கான் ஜாடியில் போட்டு மூடிவிட்டால், அப்புறம் அது பெரியவர் மெஹபூப் அலியின் சொத்து. யார் வந்தாலும் அவரே ஜாடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து மூக்கருகே நீட்டி, “எங்க வூட்டு கண்டம், பாத்துக்கோ” என்பார். தொழுகைக்குக் கை கால் கழுவி வருகிற வழியில்தான் ஜாடி இருக்கும் அலமாரி. தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கை ஜாடிக்குள் போகும்.

“துடைச்சிக்கினு எடுங்க பாய்ஜான்,” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

“வுஸூ செஞ்ச கைம்மா. இத்த விட சுத்தமான கை எங்க கீது?”

ஏதாவது சொன்னால் மார்க்கத்தையே எதிர்த்துப் பேசினாள் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடைமழைக் காலத்தில், கர்ப்பமாக இருந்த மகள் ருக்சார் மாமியார் வீட்டாரோடு விருந்துக்கு வந்தாள். உப்புக்கண்டம் வேண்டும் என்று வந்ததிலிருந்து அதே பேச்சு. குல்சும் ஜாடியைத் திறந்தாள். துண்டுகளின் மேல் வெள்ளை படர்ந்திருந்தது.

“உப்பு பூத்துக்கீது,” என்றார் பின்னால் வந்து நின்ற மெஹபூப் அலி.

உப்பாக இருந்தால் நறநறவென்று விரலில் உதிரும். இது வழவழவென்று இழுபட்டது. ஒரு துண்டை ஒடித்தாள். ஒடியவில்லை, வளைந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூசணம், குப்பென்று புளித்த நாற்றம்.

“கெட்டுப்போச்சு பாய்ஜான்.”

“அலசிட்டு நல்லா பொரி. கொதிக்கிற எண்ணெயில எல்லாம் செத்துடும்.”

“பூசணம் சாவும். அது உள்ள உட்ட விஷம் சாவாது.”

“குர்பானி கறிய கொட்றது பாவம், தெரியுமா? சம்பந்திங்க உக்காந்துகினு கீறாங்க. மானத்த வாங்காத. என் வூட்ல நான் சொல்றதுதான். பொரி!”

கூடத்தில் உபைத் தரையைப் பார்த்தான். ருக்சார் வயிற்றில் கையை வைத்தபடி சமையற்கட்டு வாசற்படியில் வந்து நின்றாள். அந்தக் கையைப் பார்த்ததும் குல்சுமுக்கு இத்தனை வருஷமாகக் கடித்த பல்லெல்லாம் ஒரேயடியாக வலித்தது.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அவள் அணைத்தாள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், எல்லார் கண்ணெதிரிலும் குப்பை வாளியில் கவிழ்த்தாள். அலசி எடுத்துப் பொரித்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் பினாயில் பாட்டிலைத் திறந்து மொத்தத்தையும் மேலே ஊற்றினாள்.

“பாவம் என் தலையிலயே கெடக்கட்டும். நாளைக்கு அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். என் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா நீங்க இன்னா பதில் சொல்வீங்க?”

சம்பந்திகளுக்கு அன்று முட்டைக் குழம்பு. அடங்காப்பிடாரி என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார் பெரியவர். குல்சும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

அவர் அவளோடு பேசவில்லை. அடுத்த பக்ரீத்தும் வந்தது, உப்புக்கண்டமும் காய்ந்தது. ஒரு மதியம் குழந்தையோடு ருக்சார் வந்திருந்தாள். பேரனுக்கு வாசனை காட்ட வேண்டுமாம் பெரியவருக்கு. தொழுகைக்குக் கழுவிய கையோடு நேராக அலமாரிக்குப் போனார்.

குல்சும் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து ஜாடி மூடிமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

“தொடைங்க.”

அவர் முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், முணுமுணுத்துக்கொண்டே லுங்கியில் கையைத் தேய்த்துவிட்டு நீட்டினார். குல்சும் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“விரல் சந்துல இன்னும் ஈரம் கீது,” என்றாள். மூடியை விடவில்லை.