மூன்றே சுற்றில் கட்டிய லீடர்

கணவரின் வேலைக்காக நியூசிலாந்துக்கு வந்து, டூராங்கி என்ற சிற்றூரில் ஒரு தூண்டில் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி டேவ் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "லீடரைக் கட்டிவிட்டாயா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோயமுத்தூரில் லீடர் என்றால் பேனரில் கைகூப்பி நிற்பவர். அவரை எதற்குக் கட்ட வேண்டும்? "எந்த லீடரை?" என்றேன். "ஒன்பதடி லீடரை" என்றார் டேவ். இன்னும் குழம்பிப்போனேன்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ட்ரௌட் மீனைப் புழு வைத்துப் பிடிப்பதைவிட, இறகால் செய்த பொய் ஈயைத் தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பதையே பெருமையாக நினைக்கிறார்கள். வீசுகிற கயிறு தடிமனாக, மஞ்சளாக இருக்கும். மீன் அதைக் கண்டால் ஓடிவிடும். அதனால் கயிற்று நுனியில் கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையைக் கட்டி, அதன் மறுமுனையில் ஈயைக் கட்டுவார்கள். அந்த இழைதான் லீடர். கயிற்றோடு ஒரு மெல்லிய குழாயை ஒட்டிப் பிடித்து, இழையை இரண்டுக்கும் மேலாக ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைக் குழாய்க்குள் விட்டு, குழாயை உருவி, எச்சிலால் நனைத்து இறுக்க வேண்டும். சுற்றுகள் கயிற்றின் தோலைக் கடித்துக்கொள்ளும். அப்புறம் எந்த மீன் இழுத்தாலும் அசையாது. பள்ளி விடுமுறைகளில் கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தில் அறுந்த பாவு நூலை முடிந்த விரல்கள் என்னுடையவை. இரண்டே நாளில் பழகிவிட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து கடைக்கு வரும் எல்லாக் கயிறும் என் மேசைக்குத்தான் வந்தது.

அதே தறிக்கூடத்தில்தான் அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. எனக்கு அப்போது பதினொரு வயது. தறியின் பெல்ட்டை மறைக்கும் தகர மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னவர் முதலாளியின் மகன். எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, "அந்தோணி குடிச்சுப்போட்டு வந்து கையை உட்டுட்டான்" என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் அவிநாசியிலிருந்து சூலூர் வரை எந்தத் தறிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பன் குடிகாரனாமே என்று காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நான் படித்தேன், வேலை பார்த்தேன், கடல் தாண்டினேன். ஆனால் சின்னவரின் முகத்தை ஒரு நாளும் மறக்கவில்லை.

போன ஜனவரியில் அந்த முகம் கடைக்குள் வந்தது. தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. போனில் யாரிடமோ, "வந்துபோட்டனுங்க, மீன் புடிக்கப் போறனுங்க" என்று சொன்ன குரலும் அதேதான். டேவோடு ஆற்றுக்குப் போகிறவர்கள் நிரப்பும் பதிவுத் தாளில் பெயரையும் ஊரையும் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். டேவ் உற்சாகமாக, "உன் ஊர்க்காரர்!" என்று அறிமுகப்படுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"பாத்தீங்களா, எங்க போனாலும் நம்மாளு இருக்கறாங்க" என்று சிரித்தார்.

அவர் வாங்கிய புதுக் கயிற்றுக்கு லீடர் கட்ட உட்கார்ந்தேன். மூன்றே சுற்றுச் சுற்றினேன். நனைக்கவில்லை, முழுதாக இறுக்கவுமில்லை. பார்வைக்கு அழகாக இருந்தது. சின்ன மீன்களுக்குத் தாங்கும், பெரிய மீன் இழுத்தால் உருவிக்கொள்ளும் என்று தெரிந்தே கொடுத்தேன். டேவ் அவரை ஆற்றுக்கு அழைத்துப் போனார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்கள். அந்தப் பருவத்திலேயே பெரிய மீன் மாட்டி, கால் மணி நேரம் போராடி, கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது போய்விட்டதாம். சின்னவர் முகம் கறுத்திருந்தது. டேவ் கயிற்று நுனியைத் தடவிப் பார்த்தார். முடிச்சு கடித்த தடமே இல்லாமல் அது வழவழவென்றிருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "மன்னிக்க வேண்டும், தவறு என்னுடையது. நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து சின்னவர் எதிரில் போய் நின்றேன்.

"நான்தானுங்க கட்டினேன். குடிச்சுப்போட்டுக் கட்டலீங்க."

"என்னங்க அம்மணி?"

"தறியில வெரலு போன அந்தோணி மகளுங்க நானு."

ஊரில் அப்போது காலை ஏழரை. அப்பா பேக்கரியில் டீ குடிக்கும் நேரம். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அப்பா, சின்னவரு என்ற முன்னாடி நிக்கறாருங்க."

அங்கே பஸ் ஹாரன் கேட்டது. "குடு கண்ணு."

"நல்லா இருக்கீங்களா அந்தோணி?" என்றார் சின்னவர். அந்த வீட்டார் வாயிலிருந்து அப்பாவுக்கு 'ங்க' வந்து நான் கேட்டதே இல்லை.

"இருக்கறனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. அன்னைக்கு நான் குடிச்சிருந்தனுங்களா?"

"அதெல்லாம் பழைய கதைங்க."

"குடிச்சிருந்தனுங்களா?"

சின்னவர் கதவைப் பார்த்தார், டேவைப் பார்த்தார். ஊராக இருந்தால் போனைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். இங்கே அவருக்குப் பின்னால் யாருமில்லை. "இல்லீங்க."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. நானும் ஸ்பீக்கர்ல போட்டிருக்கறனுங்க. பேக்கரில நாலு பேரு இருக்கறாங்க."

"குடிக்கலீங்க. நான்தான் பொய் சொல்லிப்போட்டனுங்க."

"செரிங்க. வெச்சர்றனுங்க."

சின்னவர் கயிற்றைக் கூட எடுக்காமல் வெளியேறினார். டேவுக்குத் தமிழ் தெரியாது; 'ங்க' என்றால் மரியாதை என்று நான் எப்போதோ சொன்னது மட்டும் நினைவிருந்தது. புன்னகையோடு, "எவ்வளவு மரியாதையான மொழி! பழைய குடும்ப நண்பரா?" என்றார். ஆமென்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் என் பழியை ஒருவர் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினேன் என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் அந்த வெறுங்கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு, "உன் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்த மீன் இப்போது வாயில் ஒன்பதடி நைலானோடு திரிகிறது. அது உனக்கு என்ன செய்தது?" என்றார். சின்னவருக்குச் செய்ததற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. மீனுக்காகவும் டேவுக்காகவும் வருந்துகிறேன்.

வேலையிலிருந்து அவர் என்னை நீக்கவில்லை. தொப்பி விற்கும் பக்கம் மாற்றிவிட்டார். அப்பா இப்போது தினமும் பேக்கரியிலிருந்து கூப்பிடுகிறார். அன்று ஸ்பீக்கரில் கேட்டவர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்களாம், புதிதாக யார் வந்தாலும் அப்பாவை உட்காரவைத்து மறுபடி சொல்லச் சொல்கிறார்களாம். "உன்னையத்தான் கண்ணு கேக்கறாங்க, எப்ப வருவீன்னு" என்கிறார் சிரித்துக்கொண்டே. போனைத் தோளில் இடுக்கியபடி நான் தொப்பிகளை அடுக்குகிறேன். எதிரே என் பழைய மேசையில் டேவ் மஞ்சள் கயிற்றைப் பிடித்து, என் பக்கம் திரும்பாமல், ஒவ்வொரு சுற்றாக எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.