முப்பதரை இஞ்ச் பாவாடை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. 2008-ம் வருடம் மார்ச் 6, வியாழக்கிழமை, மகா சிவராத்திரி அன்று நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் சாத்தூருக்கு வந்தால் அன்றைக்கு அளவெடுத்த டேப்பைக் காட்டுகிறேன். இன்னும் தூக்கிப் போடவில்லை.

என் பெயர் கற்பகவல்லி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். பேய், பிசாசு என்று அலறுகிற ஆள் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் ஜாக்கெட் துணியோடு படியேறுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கிலி பிடிக்கும். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

என் கணவர் வீடு ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில். அவருடைய தாத்தா காலத்தில் எல்லோரும் கூலிக்குக் காட்டு வேலைக்குப் போனவர்கள். இப்போது பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார்கள். மீதிப் பேர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்பார்கள். ஆனால் மாசி சிவராத்திரிக்கு மட்டும் எழுபது பேரும் வந்து இறங்கிவிடுவார்கள். குலசாமி கோயில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. அங்கே கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் பழைய வீட்டில் கூடிக் கன்னிப் பெட்டியை இறக்க வேண்டும். அது நாலு தலைமுறை வழக்கம்.

கன்னி என்பது அந்த வீட்டில் ஏழு வயதில் அம்மை கண்டு இறந்துபோன ஒரு பெண் குழந்தை. அவளுடைய பெயர் இப்போது யாருக்கும் தெரியாது. ஒரு ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, மை எல்லாம் வைத்து, மஞ்சள் கயிற்றால் கட்டி உத்திரத்தில் ஏற்றிவிடுவோம். ஒரு வருடம் யாரும் தொடக்கூடாது. அடுத்த சிவராத்திரிக்கு இறக்கி, புதுத் துணியை உள்ளே வைத்துவிட்டுப் பழையதை வீட்டில் இருக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்கு உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப் போவோம்.

முதலில் என் ஓரகத்தி வள்ளித்தாய் அக்காதான் அந்தத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். என் கணவரின் அண்ணன் மனைவி. 2005-ல் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். அளவு மாறாது. பாவாடை உயரம் இருபத்துநாலு இஞ்ச். செத்த பிள்ளை வளராது அல்லவா?

ஆனாலும் கைப்பழக்கம். பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால், வளர வளரப் பிரித்துவிடக் கீழே மடிப்பு வைப்போம். கன்னிக்கும் அப்படியே மூன்று மடிப்பு வைத்தேன். ஒவ்வொன்றும் பிரித்தால் இரண்டு இஞ்ச் இறங்கும்.

2006-ல் பெட்டியைத் திறந்தபோது ஒரு மடிப்பு பிரிந்திருந்தது. நூல் மட்டமான நூல் என்று நினைத்தேன். 2007-ல் இரண்டு மடிப்பு. எலி என்றார்கள். எலி துணியைக் கடிக்கும், மடிப்புப் பிரிக்குமா? கேட்டேன். சாமி காரியத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

2008-ல் பழைய துணியை உடுத்த வேண்டிய முறை என் மகள் சினேகாவுக்கு வந்தது. அவளுக்கு ஆறு வயது. எனக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு முன்னால் 1998-ல் ஒரு பெண் குழந்தை உண்டானது. எட்டாம் மாதமே வலி வந்து, பிறக்கும்போதே உயிர் இல்லை என்று சொன்னார்கள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. நாலு வருடம் கழித்துச் சினேகா வந்தாள். அவளை ஒரு தும்மலுக்குக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு அந்தத் துணி பிடிக்கவில்லை.

சாயங்காலம் 5.40-க்குப் பெட்டியை இறக்கினார்கள். வள்ளித்தாய் அக்கா கயிற்றை அவிழ்த்துப் பாவாடையை எடுத்து விரித்தார்.

மூன்று மடிப்பும் பிரிந்திருந்தது.

"என்ன மதினி, கன்னிக்கு உசரம் கூடிருச்சா?" என்று என் கொழுந்தன் காமராஜ் சிரித்தான்.

"ஏலே, சாமி காரியத்துல என்னலே கேலி?" என்று அதட்டினார் பெரிய மாமா சங்கையா. குடும்பத்தில் மூத்தவர். பிறகு என்னைப் பார்த்து, "நூலை ஒளுங்காப் போடக் கூடாதாம்மா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுபது பேருக்கு முன்னால் என் தையலைக் குறை சொன்னால் வராதா? பெட்டியின் உள்ளே பார்த்தேன். மூலையில் நூல் இருந்தது. மூன்று சுருள். அறுக்காமல், வெட்டாமல், முழு நூலாக உருவி, விரலில் சுற்றி எடுத்து வைத்தது. திரும்பத் தைக்க உதவும் என்று நாமெல்லாம் எடுத்து வைப்போமே, அப்படி.

வள்ளித்தாய் அக்கா அதைப் பார்த்தார். உடனே மூடியைச் சாத்தினார்.

"மாமா, சினேகாவுக்கு இந்தத் துணி வேண்டாம்" என்றேன்.

"அந்த அளவுக்கு வேற பொம்பளப் பிள்ளை யாரு இருக்கா? சுருக்கித் தச்சு மாட்டிவிடு. ஏளரைக்கு வேன் கிளம்பணும்."

பின்கட்டு அறையில் ஒரு பழைய கை மிஷின் உண்டு. பாவாடையை எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தேன். வெளியே கம்பெனி வேனில் பாத்திரங்களை ஏற்றும் சத்தம். யாரோ பொங்கல் பானையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இடுப்பைப் பிடித்துத் தைத்துவிட்டு, கீழ் மடிப்பில் ஊசி போடப் போனேன்.

7.10. கரண்ட் போனது.

செல்போனில் மணி பார்த்தேன். ஒரு கோடுதான் சார்ஜ். அணைத்து வைத்துவிட்டேன். அறைக்குச் சன்னல் கிடையாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

சும்மா உட்காருவானேன், அளவாவது எடுப்போம் என்று தோன்றியது. டேப் கழுத்தில்தான் கிடந்தது.

"ஏட்டி சினேகா... இங்கன வா. அளவு பாக்கணும்."

பதில் இல்லை. ஆனால் வந்தாள். பக்கத்தில் ஆள் வந்து நிற்பது இருட்டிலும் தெரியும்.

என் தலையில் கை வைத்துக்கொண்டாள். உடுத்திவிடும்போது பிள்ளைகள் விழாமல் இருக்க அம்மா தலையைப் பிடித்துக்கொள்ளும். சினேகா எப்போதும் அப்படித்தான்.

இடுப்பைத் தேடிக் கையைக் கொண்டுபோனேன். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தொடை இருந்தது.

"எது மேல ஏறி நிக்க? இறங்கு."

அசையவில்லை.

குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தேன். பாதம் தரையில்தான் இருந்தது. சில்லென்று... விரல் இடுக்கில் மண் இருந்தது. கண்மாய் மண் மாதிரி, நறநறவென்று.

வெளியே விளையாடிவிட்டு வந்திருப்பாள். அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டேப்பை இழுத்தேன். நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தேன்.

பிறகு இடுப்புச் சுற்று.

இருபது வருடமாக அளவு எடுக்கிறேன். இடுப்பில் டேப்பைச் சுற்றினால் அது சும்மா இருக்காது. மூச்சு இழுத்தால் இறுகும். விட்டால் தளரும். எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்தாலும்.

டேப் இறுகவில்லை.

தளரவில்லை.

காத்திருந்தேன்... எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு... இருபது வரை எண்ணினேன்.

இல்லை.

அப்போது வெளியே வேனிலிருந்து குரல் கேட்டது.

"நான்தான் சன்னல் பக்கம்! நான்தான் மொதல்ல ஏறுனேன்!"

சினேகா.

என் சினேகா வேனில் இருந்தாள்.

என் தலையில் அந்தக் கை அப்படியே இருந்தது.



விரல்கள் ஒரு தடவை அழுத்தின... கீழே விழுந்துவிடுவோமோ என்று பயந்த பிள்ளை அழுத்திப் பிடிக்கிற மாதிரி.

கரண்ட் வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் 7.16. அறையில் யாரும் இல்லை. டேப் என் கையில் வட்டமாக நின்றது. இரண்டு நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருப்பேன். பிறகு நகம் பட்ட இடத்தைப் பார்த்தேன். முப்பதரை இஞ்ச். சினேகாவின் அளவு இருபத்துநாலுகூட வராது.

பாவாடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வேனில் ஏறி என் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சன்னல் போச்சே என்று அழுதாள். அந்த அழுகை எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

"துணி எங்கம்மா?" என்றார் பெரிய மாமா.

"எம் பிள்ளை போடாது. வெட்டிப் போட்டாலும் போடாது."

"நாலு தலைமுறை வளக்கத்த நீ முறிப்பியா? சாமி சும்மா விடும்னு நெனைக்கியா?"

சண்டை பெரிதாகியிருக்கும். அதற்குள் வள்ளித்தாய் அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"விடுங்க மாமா. அது சினேகா போடுற துணி இல்ல."

யாருக்கும் புரியவில்லை. ஆனால் அக்கா அதிகம் பேசாதவர். அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். அந்த வருடம் புதுத் துணியைப் பெட்டியில் வைத்து மேலே ஏற்றிவிட்டுப் போனோம். பழையதை யாரும் உடுத்தவில்லை. கோயிலில் விடிய விடிய நான் கண்ணை மூடவில்லை. சினேகாவையும் மடியை விட்டு இறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்கு அக்கா தனியாகப் பஸ் ஏறிச் சாத்தூருக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எம்புட்டு இருந்துச்சு?" என்றார்.

நான் யாரிடமும் அளவு எடுத்ததைச் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

"முப்பதரை" என்றேன்.

தலையாட்டினார்.

"ஒம் மூத்தது செத்துப் பொறக்கல, கற்பகம். அளுதுச்சு. விடியக்கால நாலு அம்பது வரைக்கும் உசிர் இருந்துச்சு. நீ ரத்தம் ஏத்திக்கிட்டு நெனவில்லாமக் கிடந்த. இப்பச் சொல்லாதீகன்னு டாக்டரம்மா சொன்னாக. அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரல."

நான் மிஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்மாய்க் கரையிலதான் பொதச்சோம். பேரு வைக்காத பிள்ளை. தனியாக் கிடக்குமேன்னு மனசு கேக்கல. அது சுத்தியிருந்த துணியக் கொண்டாந்து கன்னிப் பெட்டியில அடியில வச்சேன். ஒரு பெட்டியில ஒரு கன்னிதான் இருக்கணும். அதான் வளக்கம். தெரிஞ்சேதான் வச்சேன். இந்தப் பச்ச மண்ணையும் பாத்துக்கத்தான்னு கன்னிகிட்ட மட்டும் சொன்னேன்."

"அப்புறம்?"

"மறுவருசம் தொறந்தா, பாவாடைய மடிச்சு மடிச்சு ஒரு சாண் உசரத்துக்குக் கொண்டாந்து நூல் ஓட்டியிருந்துச்சு. கோணல் மாணலா. சின்னப் பிள்ளை கைத் தையல். மத்தவுக பாக்குமுன்ன பிரிச்சுவிட்டேன். வருசா வருசம் அந்த மடிப்பு இறங்கிக்கிட்டே வந்துச்சு. ஏளாவது வருசம் அளவு சரியா நின்னுச்சு. அதோட முடிஞ்சதுன்னு நெனச்சுத்தான் தையலை ஒங்கிட்டக் குடுத்தேன்."

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா சினேகாவப் பெத்திருப்பியா?"

ஆறிப்போன காபியை எடுத்துக் கீழே வைத்தேன்.

"அந்தக் கன்னிக்கே ஏளு வயசுதான்" என்றார் அக்கா. "அது இதை வளத்து விட்டுருச்சு. இப்ப இது அதவிட உசரம்."

"இன்னும் மூணு வருசத்துல தாவணி கேக்கும். அப்புறம் சேலை கேக்கும். அப்ப என்னக்கா செய்ய?"

"தெரியலத்தா. நம்ம வளக்கத்துல அதுக்கு ஒண்ணும் இல்ல."

12.20 பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. எலிக்கு வேலை கொடுக்கக்கூடாது என்ற வீம்பில், அந்த வருடம் புதுப் பாவாடையை நான் மடிப்பே வைக்காமல் தைத்திருந்தேன். சரியாக இருபத்துநாலு இஞ்ச். அதுதான் பெட்டிக்குள் போயிருக்கிறது. பிரித்துவிட அதில் ஒன்றுமே இல்லை. வருடம் முடிவதற்கு முன்னால் பெட்டியைத் திறக்கவும் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு அழுதேன். பத்து வருடத்துக்குச் சேர்த்து அழுதேன்.

இப்போது 2009. பிப்ரவரி 23 அன்று சிவராத்திரி. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. சினேகாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போகிறேன். பழைய வீட்டில் பின்கட்டு அறையை எனக்கு ஒதுக்கித் தரச் சொல்லிவிட்டேன். விளக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பச்சையில் அரக்குக் கரை போட்ட துணி எடுத்து நனைத்துக் காயவைத்திருக்கிறேன்.

அளவு மட்டும் இன்னும் எடுக்கவில்லை.