கட்டிலுக்கு இரண்டு கொண்டி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவள், பல பேர் படிக்கும்படி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விரித்து மடக்கிய எங்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லப் போவதில்லை.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. தலைச்சோலையிலிருந்து வரும் அக்காவுக்கும் அதே வேலை. கூடப் பிறந்தவர் அல்ல, என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. விடுமுறை நாட்களில் இரண்டு பேர் என்று அறை எடுத்துவிட்டு ஐந்து பேராக வந்து இறங்குவார்கள். உடனே மானேஜர், “எக்ஸ்ட்ரா பெட்!” என்று குரல் கொடுப்பார். அதற்காக ஐந்து மடக்குக் கட்டில்கள் ஸ்டோர் ரூமில் இருந்தன. நடுவில் மடிந்து, கூப்பிய கை போல நிற்கும். மேலே ஒரே ஒரு கொக்கி. அதை எடுத்தால் இரண்டு பாதியும் விரிந்து, நடுவில் இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்.

மலைப் பனிக்கு எந்த இரும்பும் தப்பாது. கீல் துருப்பிடித்து இறுகிவிடும். கொக்கியை எடுத்தாலும் கட்டில் விரியாது. குனிந்து நடுவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் எங்களுக்கு வேலை என்று பழக்கினார்கள். கையை இழுக்கத் தெரிந்தவள் கெட்டிக்காரி, தெரியாதவள் அசமந்தம். கட்டிலை யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

நாங்களாக, குழாய் முட்டும் இடத்தில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றி வைத்திருந்தோம். “கெஸ்ட்டு போட்டோ எடுக்கறாங்க, கந்தலைச் சுத்தி வெச்சிருக்கறீங்களே” என்று மானேஜர் அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்த அடுத்த வாரம் அக்காவின் வலது கை ஆட்காட்டி விரல் அந்த இடத்தில் மாட்டியது. சேலம் ஆஸ்பத்திரியில் முதல் கணுவரை எடுத்துவிட்டார்கள்.

சீசனில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர் அவர். அந்த விரல் இல்லாமல் பழம் திருகுவது சிரமம். ஆகவே இனி விடுதி வேலை ஒன்றுதான் கதி. கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றவரிடம் மானேஜர் சொன்னார்: “பாத்துச் செய்யோணுமுங்க. அசால்ட்டா இருந்தா நாங்க என்ன பண்றது? ஓனர் வரட்டும், கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஊட்லயே இருங்க.”

அன்றே எல்லாக் கட்டிலிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. கை ஜாக்கிரதை என்று இங்கிலீஷில். அக்கா தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த விருந்தாளி ஒருவர்கூட அந்தக் கட்டிலைத் தொட்டு விரித்ததில்லை.

சாயங்காலம் அக்கா போனில், “நானும் வெரசாக் கைய எடுத்திருக்கோணும் கண்ணு” என்றார். விரலையும் கொடுத்துவிட்டு, பழியையும் தானே எடுத்து வைத்துக்கொண்டார்.

விரல் மாட்டிய கட்டிலின் கொக்கி வளைந்திருந்தது. அதை மட்டும் வெல்டிங் கடையில் நிமிர்த்திக்கொண்டு வர, விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டியில் என்னை அனுப்பினார்கள். கட்டிலை ஏற்றுவதற்காக வண்டியின் பின்கதவை நான் ஒரு பக்கமாக இழுத்தேன். அசையவில்லை. வண்டிக்காரர் ஓடி வந்தார்.

“ஏனுங்க, அப்படி வராதுங்க. ரெண்டு ஓரத்துக் கொண்டியையும் ரெண்டு கையில புடிச்சு ஒண்ணாத் தூக்கோணும். இல்லீன்னா கதவு கைமேலயே உழுந்துரும்.”

கோஸ் மூட்டை இறக்குகிறவரின் கைக்கு இருக்கும் மரியாதை எங்கள் கைக்கு ஏன் இல்லை? வழியெல்லாம் அதே நினைப்பு. வெல்டிங் கடையில், கொக்கி வேண்டாம், வண்டியில் இருப்பதுபோல இரண்டு கொண்டி வையுங்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். “கட்டிலுக்கு லாரிக் கொண்டிங்களா! அப்ப பின்னாடி ‘ஹாரன் அடி’ன்னு எழுதிரலாமுங்களா?”

“எழுதிக்கங்க. கை மட்டும் நசுங்கக் கூடாதுங்க” என்றேன்.

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. பழைய இரும்பில் வளைந்த பட்டை இரண்டு வெட்டி, வரிசையாக ஓட்டை போட்டு, மடிப்பின் இரண்டு ஓரத்திலும் பொருத்தினார். ஓரத்துக்கு ஒன்றாக ஸ்பிரிங் வைத்த கொண்டி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால்தான் கட்டில் நகரும். ஒரு கையை விட்டாலும் கொண்டி அடுத்த ஓட்டையில் விழுந்து, கட்டில் பாதியிலேயே நின்றுவிடும். இரண்டு கையும் ஓரத்தில் இருக்கும்போது நடுவில் மாட்ட விரல் ஏது? கீல் எவ்வளவு இறுகினாலும் ஓரத்திலிருந்தே இழுத்து விரிக்கலாம், குனிந்து தட்ட வேண்டியதில்லை. சாதாரண வேலை, ஒரு மத்தியானத்தில் முடிந்தது. இதைச் செய்ய ஒரு விரல் போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஓனர் சேலத்திலிருந்து வந்தார். மானேஜர், “கொக்கிய நிமுத்தச் சொன்னா லாரியாட்டம் பண்ணிட்டு வந்திருக்குதுங்க” என்றார். ஓனர் ஒற்றைக் கையால் இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து, பாதியில் விட்டார். டக்கென்று நின்றது. மறுபடி செய்து பார்த்தார்.

“நொம்ப நல்லா இருக்குதுங்களே. எல்லாத்துக்கும் வெச்சிருங்க” என்றார்.

எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் கேட்டேன். “கட்டில மாத்தறோமுன்னா தப்பு கட்டில் மேலதானுங்க? அப்ப அக்காள எப்ப வரச் சொல்லட்டுமுங்க?”

ஓனர் போனை எடுத்துப் பார்த்தார். “அது வேற விசயமுங்க. பாக்கலாம்” என்று படியிறங்கினார். மானேஜர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன், என் வாழ்நாளில் முதல் தடவையாக.

மறுநாள் வெல்டிங் கடைக்காரர் வந்து மீதி நான்கு கட்டிலுக்கும் கொண்டி வைத்தார். அக்காவின் இடத்துக்கு வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கட்டிலை எப்படி விரிப்பது என்று நான் காட்டிக்கொடுத்தேன்.