அவள் விட்டுவிடும் வரி

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் அதிகப்பிரசங்கி. தாமதமாக வருகிறவளிடம், விளக்கில் எண்ணெய் இல்லாமல் கதவுக்கு வெளியே நின்ற ஐந்து பெண்களைப் பற்றிப் பேசுவாள். அடுத்தவள் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறவளிடம், உன் கண்ணில் இருக்கிற கட்டையை முதலில் எடு என்பாள். மருத்துவமனை விரிப்புகளை நீராவி உருளைக்குள் செலுத்திக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை கேட்ட நற்செய்தியை வியாழக்கிழமை வரை மென்றுகொண்டிருப்பாள். மற்ற பெண்கள் கேலி செய்தாலும் காது கொடுத்தார்கள். அந்த இரைச்சலில் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அவள் பக்தியில் யாரும் சொட்டை சொல்ல முடியாது. ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒரு வரியை அவள் சொல்வதில்லை. நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் பொறுத்துக்கொள்வதுபோல நம்மையும் பொறுத்து மன்னிக்கும்படி கேட்கிறோமே, அந்த வரி. அந்த இடம் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். சோதனையைப் பற்றிய அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். நானூறு பேர் நிற்கிற பூசையில் ஒருத்தியின் வாய் மூடியிருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. பொறுக்கவில்லை, பொறுத்தேன் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்?

பொறுக்காததற்குக் காரணம் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர். அவள் கணவர் அங்கே பாய்லர் பார்த்தவர். ஒரு நாள் காலையில் வால்வு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். மத்தியானம் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் இரண்டாவது தடவையும் போய்ச் சொன்னார். மருத்துவமனைக்கு விரிப்பு போயாக வேண்டும், பேசாமல் ஓட்டு என்று சூப்பர்வைசர் துரத்திவிட்டார். மூன்று மணிக்குக் குழாய் வெடித்தது. துணி பிழிகிற ஒருவருக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. விசாரணையில் சூப்பர்வைசர், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, பாய்லர் ஆள் தூங்கியிருப்பான் என்றார். அதோடு கதை முடிந்தது.

அன்றிலிருந்து அவள் கணவர் பெயர் தூங்குமூஞ்சி. வேலை போனது. வெந்த கைக்காரர் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். மூன்று வருஷம் அந்தப் பெயரைச் சுமந்துவிட்டு அவர் செத்துப்போனார். நெஞ்சுவலி என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அவளிடம் கேட்டிருந்தால் வேறு எழுதியிருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'சொன்னான்' என்று அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இருந்தாள்.

போன வருஷம் பங்குச் சாமியார் அவளை நற்கருணைப் பணியாளராக நியமித்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னச் சிமிழில் நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பட்டியலில் மூன்றாவது வீடு சூப்பர்வைசருடையது. இடுப்பெலும்பு முறிந்து, முதுகெல்லாம் படுக்கைப்புண்ணாகக் கிடந்தார். சாமியார் தயங்கினார், வேண்டுமானால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், நானே போகிறேன் என்றபோது அவளுக்கு வாயெல்லாம் பல். பாவம், சாமியார் அதைப் பரிசுத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் போட்ட கணக்கே வேறு. நற்கருணை கொடுப்பதற்கு முன் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். எதை வாசிப்பது என்பது அவள் இஷ்டம். படுக்கையை விட்டு எழுந்து ஓட முடியாத மனிதர், கையில் புத்தகத்தோடு அவள். வாராவாரம் ஊசி குத்துவதுபோல் குத்தி அந்த வார்த்தையை வெளியே எடுத்துவிடலாம்.

முதல் வாரம் செல்வந்தனும் அவன் வாசலில் பட்டினி கிடந்த ஏழை லாசரும். செல்வந்தன் நெருப்பில் வெந்துகொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிற இடத்தை நிறுத்தி நிதானமாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். சூப்பர்வைசருக்குக் கண் கலங்கியது. விழுந்தது அடி என்று அவள் குளிர்ந்துபோனாள். அவரோ பெருமூச்சு விட்டு, லாசருக்கும் தன்னைப் போலவே உடம்பெல்லாம் புண்தானே என்றார். மகனும் மருமகளும் பக்கத்து அறையில் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறார்கள், தனக்கு உப்பில்லாத சாப்பாடுதான் என்று குறைபட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம், மறைத்து வைத்ததெல்லாம் கூரைமேலிருந்து அறிவிக்கப்படும் என்கிற பகுதி. அதை அவர் தன் மச்சானுக்கு வைத்துக்கொண்டார். சிறியவர்களைக் கெடுப்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவதை வாசித்தாள். பழைய முதலாளிக்கு அது வேண்டும் என்று தலையாட்டினார். வேஷக்காரர்களைத் திட்டுகிற வெள்ளையடித்த கல்லறையைக்கூட எதிர்வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோயிலில் நற்செய்தி வாசிக்கும்போது ஆளாளுக்குப் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பதை அவள் எத்தனையோ தடவை கவனித்திருக்கிறாள். இந்த மனிதர் படுத்துக்கொண்டே ஊரையெல்லாம் திரும்பிப் பார்த்தார். போதாததற்கு அவர் மனைவி, நீங்கள் வந்துபோகிற அன்றைக்கு இவர் நன்றாகத் தூங்குகிறார் என்று வேறு நன்றி சொன்னாள். தூங்குகிறாராம்.

ஆறாவது வாரம் அவள் எதிர்பார்க்காதது நடந்தது. இருவருமாகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வரி வந்ததும் வழக்கம்போல் வாயை மூடினாள். சூப்பர்வைசரும் நிறுத்திவிட்டார்.

"நீங்க இந்த வரியைச் சொல்றதில்ல," என்றார். முப்பது வருஷம் 'நீ' என்று கூப்பிட்டவர், கையில் சிமிழ் வந்த பிறகுதான் 'நீங்க'வுக்கு மாறியிருந்தார். "மொத வாரத்துலேருந்து கேக்குறேன். நான் மட்டும் தனியாச் சொல்றேன்."

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. நானூறு பேருக்கு நடுவில் ஒளிந்துகொண்ட வாய், இரண்டு பேர் இருக்கிற அறையில் ஒளிய முடியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் போன கையோடு கோபம் வந்தது.

"எனக்கு வரல சார். பதினோரு வருஷமா வரல. யாராலன்னு நான் சொல்லணுமா?"

அவர் போர்வையின் ஓரத்தைத் தடவினார். இத்தனை வாரம் வாசித்ததில் ஒன்றுகூட ஒட்டாத மனிதருக்கு இது எங்கேயோ ஒட்டிவிட்டது. "சொன்னான். ரெண்டு தடவ வந்து சொன்னான். நான்தான் ஓட்டச் சொன்னேன்," என்றார். பிறகு அவசரமாக, அதை அப்போதே ரகசியமாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டதாகவும் சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்.

பதினோரு வருஷம் அவள் வயிறெரிந்துகொண்டிருக்க, இவர் எப்போதோ முழங்காலில் நின்று சுமையை இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"சாமிகிட்ட சொன்னீங்க. எம்புருஷன்கிட்ட சொன்னீங்களா? தூங்குமூஞ்சின்னு கூப்பிட்டாங்களே, அவங்ககிட்ட சொன்னீங்களா?"

சிமிழைத் திறந்தவள் மறுபடி மூடினாள். காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வா என்று எழுதியிருப்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினாள். வீட்டம்மா முன்னாலும் வெந்த கைக்காரர் முன்னாலும் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவர் நாக்கை நீட்டியபடி காத்திருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். கோயிலுக்குத் திரும்பி நடந்த பத்து நிமிஷம் அவள் வாழ்க்கையிலேயே இனித்த பத்து நிமிஷம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சாமியார் விஷயத்தைக் கேட்டதும் எகிறிவிட்டார். ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் சாகக் கிடப்பவரிடமிருந்து நற்கருணையைத் திருப்பிக் கொண்டுவர யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார்.

"உங்க கையில கொடுத்தா அது உங்க சொத்தாயிடுமா? அந்த வரி இல்லாமலே நீங்க வாராவாரம் வரிசையில நின்னு வாங்கிட்டுதானே இருந்தீங்க. உங்ககிட்ட யாராவது சிமிழை மூடினாங்களா?"

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கழுத்தில் தொங்கிய சிமிழைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சாமியார் அன்று மாலையே சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. சனிக்கிழமை சூப்பர்வைசரின் மனைவி சலவைக்கூடத்துக்கே நேரில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நாளைப் பூசை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு வர வேண்டுமாம், அவர் ஏதோ சொல்ல வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அன்று உருளையில் விரிப்புகள் கோணல் மாணலாகப் போயின.

படுக்கையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். சூப்பர்வைசர் தலையணையில் சாய்ந்து, கொஞ்சங்கூட மழுப்பாமல் சொன்னார். பாய்லர்காரர் காலையில் சொன்னார், மத்தியானம் சொன்னார், விசாரணையில் பொய் சொன்னது தான்தான், அந்த மனிதர் ஒரு நாளும் தூங்கியதில்லை. அவள் ஒவ்வொரு வார்த்தையாக வாங்கிக்கொண்டாள். எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தாள். தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். நன்றாகப் பாருங்கள் என்று மனசுக்குள் சொன்னாள். கணவர் இருந்து கேட்டிருக்கலாமே என்றும் நினைத்தாள்.

வெந்த கைக்காரர் சுவரோரமாக நின்றார். தோல் சுருங்கிப்போன வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். தப்பான ஆளைப் பதினோரு வருஷம் வெறுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்துக்கொண்டிருந்தது. அவர் கண் மெதுவாகப் படுக்கையின் பக்கம் நகர்ந்தது. அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. அது அவளுடைய பார்வைதான்.

சாமியார் செபத்தைத் தொடங்கினார். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அந்த வரி நெருங்கியதும் அவள் வெந்த கைக்காரரைப் பார்த்தாள். அவருடைய உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. தாடை இறுகியது. வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. சூப்பர்வைசரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுபவி என்று நினைத்தாள். இனி உன் காதில் இந்த மௌனமும் விழட்டும். அதே சமயம் அந்த மூடிய வாயைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது. பாவி மனுஷன், இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறான், இவனுக்கு இன்னும் எத்தனை வருஷமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, செபம் சோதனையைத் தாண்டித் தீமைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் அவள் வாய் மூடவே இல்லை. அந்த வரியை முழுசாக, எல்லாரோடும் சேர்ந்து சொல்லிவிட்டிருந்தது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினோரு வருஷம் காவல் காத்த வாய், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அந்த ஆளைப் பொறுத்துவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்தாள். ஆமென் சொல்லி முடித்தாகிவிட்டது. சாமியார் சூப்பர்வைசரின் நாக்கில் நற்கருணையை வைத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியிறங்கும்போது வெந்த கைக்காரர் பின்னாலேயே வந்தார். பதினோரு வருஷத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அக்கா, எனக்கு அந்த இடத்துல வாயே வரல. நீங்க எப்படிச் சொன்னீங்க?"

அவள் ஒரு படியில் நின்று அவர் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்லலங்க. அதுவா வந்துடுச்சு," என்றாள், எரிச்சலோடு.