ஜவுபர் சேட்டைக் கழற்றினார்

கல்முனைக் கடைத்தெருவில் ஜவுபர் போடும் ரொட்டிக்கென்றே ஆட்கள் வருவார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவருடைய முழங்கைகளில் சிவப்புச் சிவப்பாய்ப் படை கிளம்பி, வெள்ளைச் செதில் உரியத் தொடங்கியது. முழுக்கைச் சேட்டுப் போட்டு மறைத்தார். மாப் பிசையும்போது சேட்டின் கை மேலேறிவிடும். ஒருநாள், வழக்கமாய் வரும் ஒருவர் அதைக் கண்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து ஜவுபர் கடைப்பக்கம் போகவில்லை.

பின்னறையிலேயே அடைந்து கிடந்தார். படை முதுகுக்கும் முழங்காலுக்கும் பரவியது. மனைவி ஹாஜறாதான் அழுது, சண்டை பிடித்துத் தோல் டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

"இது ஆருக்கும் ஒட்டாது," என்றார் டொக்டர். "கிருமியோட சண்டை பிடிக்க உடம்புல ஒரு சக்தி இருக்கு. அது ஆள்மாறி உங்கட தோலோடயே சண்டை பிடிக்குது."

"அப்ப மருந்து?" என்றாள் ஹாஜறா.

"வெயில் பட்டா தோல்ல விற்றமின் டி உண்டாகும். இந்தச் சண்டைய அடக்க அது உதவும் போல இருக்கு. இன்னும் முழுசா விளங்கல்ல. அந்த விற்றமின் வகையில ஒரு களிம்பு வந்திருக்கு, கொழும்புக்குச் சொல்லி எடுப்பம். அதுவரைக்கும் காலை வெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்க. தோல் கருக விடாதீங்க."

வெயிலில் நிற்பதென்றால் சேட்டைக் கழற்ற வேண்டும். ஆளில்லாத இடம் தேடிக் கடற்கரையில் வெகுதூரம் நடந்தார். அங்கும் மீனவர்கள் கடலில் விரித்த கரைவலையைக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குத் தலைவரான, வயதில் மூத்த முகம்மது தம்பி ஜவுபரைக் கூப்பிட்டார்.

"சும்மா நிக்காம கயித்தப் புடி தம்பி!"

"மேலெல்லாம் படை, காக்கா."

"ஒட்டுமா?"

"ஒட்டாதெண்டு டொக்டர் சொன்னாரு."

"அப்ப புடி."

ஜவுபர் சேட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான். பிறகு தன்பாட்டில் இழுத்தான். அன்று வலை இழுத்ததற்குப் பங்காகக் கிடைத்த மீனோடு வந்தவரைக் கண்டு ஹாஜறா வாசலுக்கே ஓடிவந்து மீனை வாங்கினாள்.

அதன்பிறகு தினமும் காலையில் வலை இழுக்கப் போனார். மூன்று மாதத்தில் கையும் முதுகும் தெளிந்தன. இடுப்பில் கட்டிய சாறன் மறைத்த முழங்கால்களில் மட்டும் படை அப்படியே இருந்தது. மாரி மழையில் வெயில் ஒளிந்து, கடல் கொந்தளித்து வலையும் நின்றபோது முதுகில் மறுபடி சிவந்தது. அதற்குள் களிம்பு வந்திருந்தது. ஹாஜறா பூசிவிட்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. கடல் எப்ப அடங்கும் எண்டுதான் யோசிக்கன்."