அம்மை கண்ட குழந்தையும் தொடக் கூடாத தாயும்

முதல் கொப்புளம் என் மகள் அம்புஜத்தின் காதுக்குப் பின்னால் இருந்தது. தலை பின்னும்போது பார்த்தேன். கொசுக்கடி என்று நினைத்துப் பின்னி முடித்தேன். சாயங்காலத்துக்குள் வயிற்றிலும் முதுகிலும் நீர் கோத்து எழும்பி, உடம்பு கொதித்தது.

மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே எங்கள் வீடு. வாசலில் வேப்பிலை செருகியதும் பால்காரி கூடப் படியேறவில்லை. என் கணவர் அழைத்து வந்த டாக்டர், சின்னம்மை (நாம் விளையாட்டம்மை என்பது) என்றார். பிறகு என் இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்தார்.

“உங்களுக்கு அம்மை வந்திருக்கிறதா?”

“இல்லை.”

“அப்படியானால் நீங்கள் அந்த அறைக்குள் போகாதீர்கள். இது தொற்று (ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவது). இவ்வளவு சின்னக் குழந்தை தாங்காது.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் பெண் நான். அவர் சொன்ன காரணம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் மூன்று வயது மகளை முற்றத்து ஜன்னல் வழியாக மட்டும் பார்ப்பது என்ன என்பது, அந்த ஜன்னலில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

என் கணவரின் அக்காளுக்குச் சிறு வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அதனால் அந்த அண்ணிதான் உள்ளே இருந்தார். வேண்டியதை நான் செய்து அறை வாசற்படியில் வைப்பேன்.

துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டிதான் படுக்கைக்கு நல்லது. புதுத் துணி உறுத்தும். அரிக்கும் இடத்தில் ஈரத் துணியை ஒற்றி எடுத்தால் சற்று அடங்கும். பிறகு வேப்பிலைக் கொத்தால் வருடலாம். வாயிலும் புண் இருந்ததால் மோர் சாதத்தை உப்புக் குறைத்துக் குழைத்துக் கொடுத்தோம். இளநீரும் நுங்கும் நோகாமல் இறங்கின. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை உடைந்த கொப்புளத்தில் பூச வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார்.

நகத்தில்தான் தகராறு வந்தது. கண் இமைக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளத்தை அம்புஜம் கீறியிருந்தாள். சீழ் பிடித்தால் கண்ணுக்கு ஆபத்து, நகத்தை வெட்டுங்கள் என்றார் டாக்டர்.

“இன்னா டாக்டரய்யா, அம்மா எறங்கிக்கீற வூட்ல கத்திரி எடுப்பாங்களா?” என்றார் அண்ணி.

உறை தைத்துப் போடலாம் என்றேன். ஊசியும் எடுக்கக் கூடாதாம். பழைய வேட்டியைக் கையால் கிழித்துக் கொடுத்தேன். அண்ணி அதைக் குழந்தையின் இரு கைகளிலும் சுற்றி, மணிக்கட்டில் முடிந்தார்.

எங்கள் வீட்டில் அம்மை கண்ட குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மனே வந்திருப்பதாக எண்ணி மரியாதையாகப் பேச வேண்டும்.

“தாயே, சொறியாதீங்க” என்பார் அண்ணி.

“நான் தாயி இல்ல. அம்பு.”

“சரிங்க தாயே.”

முதலில் சிரிப்பு வந்தது. ஒரு நாள் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, “நீ இன்னாத்துக்கு என்னை அம்புன்னு கூப்புட மாட்டேன்ற? கோவமா?” என்று கேட்டாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அரிப்பு பொறுக்காமல் அவள் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துவிட்டாள். விரல்கள் நேரே இமைக்குப் போயின. அண்ணி கையைப் பிடித்தார், திமிறினாள். “தாயே, வேணாம் தாயே” என்று கெஞ்சினார். அவள் காதில் விழவில்லை.

“அம்பு” என்றேன்.

அழுகை நின்றது. கை இறங்கியது. என்னைத் தேடி ஜன்னலைப் பார்த்தாள்.

அண்ணி துணியைச் சுற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “நா முடிச்சு போடற வரிக்கும் கூப்புட்டுக்கினே இரும்மா. அம்மனுக்கு நா கன்னத்துல போட்டுக்கறேன்.”

கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொருக்குகள் (கொப்புளம் காய்ந்து கட்டும் தோல்) எல்லாம் உதிர்ந்த பிறகு, வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி என்னிடம் அனுப்பினார்கள். அம்பு நடந்து வந்து என் மடியில் ஏறினாள். இளைத்திருந்தாள்; ஆனால் கால்கள் முன்பு எட்டாத இடத்தை எட்டின. எந்தக் கையை எங்கே வைத்து அணைப்பது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

சில நாட்கள்தானே என்று பார்க்க வந்தவர்கள் சொல்கிறார்கள். அவளுடைய மூன்றாம் வயதில் ஒரு பகுதி அந்த அறைக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அதை நான் பார்த்தேன், தொடவில்லை.