பந்த் நாளில் ஒரு நேர்காணல்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கொல்கத்தாவில் பெஹாலா பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுக வேலையில் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நான் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அவருக்கும் ஷிப்ட், எனக்கும் ஷிப்ட். மூன்று வயது மகளைக் கீழ்வீட்டு மாஷிமாதான் பார்த்துக்கொண்டார். சித்தி, பெரியம்மா என்பதுபோல அங்கே அக்கம்பக்கத்துப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். துர்கா பூஜை முடிந்ததும் டெல்லியில் மகனோடு இருக்கப் போய்விடுவேன் என்று அவர் ஒருநாள் சொன்னார். அதற்குள் ஒரு பகல் வேலை கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். இரவு டியூட்டி கூடாது, ஞாயிறு விடுமுறை வேண்டும், நர்ஸ் வேலையாகவே இருக்க வேண்டும். முதல் இரண்டும் அமைந்தால் மூன்றாவது அமையாது. ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காரச் சொன்னார்கள். இன்னொரு கிளினிக்கில் எல்லாமே பொருந்தி வந்தது. கடைசியாக, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவே இல்லை.

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எங்கேயும் மகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. வேலை ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு, இளம் தலைமுறையின் ஆரோக்கியத்தில் எனக்குள்ள அக்கறையைப் பற்றி ஒரு பதில் தயாரித்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அதைக் கேட்ட கணவர், “ஏம்மா, இப்படிப் பேசினா உன்னை நர்ஸா எடுக்க மாட்டாங்க, மந்திரியாத்தான் எடுப்பாங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பள்ளியின் மருத்துவ அறைக்கு நர்ஸ் தேவை. நான் கேட்ட மூன்றும் அதில் இருந்தன. ஆனால் அதே நாளில் பந்த் அறிவித்துவிட்டார்கள். பந்த் என்றால் எல்லாம் மூடிக் கிடக்கும், அன்றைய வேலைகள் தானாகவே மறுநாளுக்குப் போய்விடும் என்பது கொல்கத்தாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பந்த் அன்றும் ஓடும் மருத்துவமனையில் வேலை பார்த்த எனக்கு, தேதி கொடுத்தால் போய் நிற்க வேண்டும் என்றுதான் தெரியும். பள்ளிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நான் போகாமல் இன்னொருத்தி போய்விட்டால் என்ன செய்வது?

பந்த் நாட்களில் ஊழியர்களை அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் எங்கள் மருத்துவமனை ஆம்புலன்ஸ் அனுப்பும். அன்று காலை நைட் டியூட்டி முடிந்ததும் யூனிபார்மை மாற்றிக் காட்டன் சேலை கட்டிக்கொண்டு டிரைவரிடம் போனேன். பாலிகஞ்ச் வழியாகப் போக முடியுமா என்று கேட்டேன்.

“அங்க யாரு பேஷன்ட்?”

“நான்தான்” என்றேன். சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

பஸ் ஓடாத சாலை நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்காக ஸ்டம்பைப் பிடுங்கி வழிவிட்டு, வண்டி கடந்ததும் மறுபடி நட்டார்கள். பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்ட டிரைவர், மற்ற நர்சுகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அதற்குள், ஆம்புலன்சைப் பார்த்த காவலாளி பதறிப்போய் உள்ளே ஓடியிருந்தார். வளாகத்திலேயே குடியிருந்த தலைமை ஆசிரியை பாதி பின்னிய தலையோடு ஓடி வந்தார்.

“யாருக்கு? என்ன ஆச்சு?”

சான்றிதழ் பைலை நீட்டி, நேர்காணலுக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் கிளம்பிப் போகும் ஆம்புலன்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கா? பந்த் அன்னிக்கா?”

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வண்டி திரும்ப வந்து கூட்டிப்போகும் என்று சொல்லிவிட்டுக் கூனிக்குறுகி நின்றேன்.

“சரி, வண்டி வர்ற வரைக்கும் தெருவுலயா நிப்பே? மேல வா” என்று கூட்டிப்போய், வங்காளத்து மைதா பூரியான லூச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தார். நேர்காணல் நாளைக்குத்தான், கமிட்டி வர வேண்டும், இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டார்: “நீ ஐ.சி.யு.ல இருக்கறவ. இங்க முட்டிச் சிராய்ப்பும் வயித்துவலியும்தான். கொஞ்ச நாள்ல சலிச்சுப்போய் ஓடிட மாட்டே? இதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் வெளிநாட்டுக்குப் பறந்துட்டாங்க.”

தயாரித்து வைத்திருந்த பதிலை நாக்கில் தேடினேன். இரவு முழுக்கக் கண் விழித்த அசதியில் அது வரவில்லை. “எனக்கு மூணு வயசுல பொண்ணு இருக்கா மேடம். ராத்திரி அவ பக்கத்துல படுக்கணும். அதுக்காகத்தான் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் கையிலிருந்த லூச்சியைத் தட்டில் வைத்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் என் தட்டில் இன்னொரு லூச்சியைப் போட்டார்.

“நாளைக்குக் கமிட்டி முன்னாடியும் இதையே சொல்லு. வேற எதையும் சேர்க்காதே. சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்னு நினைக்கற நர்ஸைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். அவதான் இங்க தங்குவா.” கொஞ்சம் நிறுத்தி, “நாளைக்காவது பஸ்ஸுல வா” என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். அதையே சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். மாஷிமா டெல்லிக்குக் கிளம்புவதற்குள் வேலையில் சேர்ந்தும்விட்டேன்.

சேர்ந்த அன்று, படுக்கும் நேரத்தில் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னிக்கு டியூட்டி போக மாட்டியா?” என்றாள். மாட்டேன் என்றேன். நம்பவில்லை. எழுந்து போய், வாசலில் என் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தாள். எனக்கும் அன்றுதான், நெஞ்சில் பல மாதமாக ஏற்றி வைத்திருந்த சுமை இறங்கித் தூக்கம் வந்தது.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் வேலையில் அக்கறை இல்லாதவள் என்று நினைப்பார்களோ என அதுவரை பயந்திருந்தேன். ஆனால் நான் அந்த வேலையில் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்கு அந்த ஆசைதான் காரணம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனசு லேசாகிறது.